மாமாவின் சாப்பாட்டு நேரம்

ஆஸ்பத்திரிக்கு ஐம்பது வயது ஆனதும் முதல் வேலையாகப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். மனுஷனுக்கு ஐம்பதானால் தலைக்குச் சாயம் அடிக்கத் தோன்றுகிற மாதிரிதான். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு மருந்து வாடையிலேயே வயிற்றைப் புரட்டும். அதோடு பெயிண்ட் வாடையும் சேர்ந்துகொள்ளவே, வார்டில் படுத்திருந்தவர்கள் பொன்விழாவை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். வாசலில் இருந்த பூந்தொட்டிகளை இடம் மாற்றினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்று மறுபடி பழைய இடத்துக்கே தூக்கினார்கள். இயக்குநர் நடக்கிற வழியில் மட்டும் எல்லா விளக்கும் எரிந்தது.

இந்த அமளி எதுவும் மேல்மாடி ஆராய்ச்சிக்கூடத்துக்கு எட்டவில்லை. அங்கே எல்லாரும் லேப் அக்கா என்று கூப்பிடுகிறவள் தன் பாட்டுக்கு மாமாவுக்குச் சாப்பாடு மாற்றிக்கொண்டிருந்தாள்.

மாமா யார் என்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் வீண் சந்தேகம் வரும். பல வருஷத்துக்கு முன்னால் உணவுக்குழாயில் புற்று வந்து இதே ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துபோனார். அவருடைய கட்டியிலிருந்து மிளகளவு சதையை எடுத்து அப்போதைய டாக்டர்கள் வளர்த்துப் பார்த்தார்கள். அப்படி எடுப்பதெல்லாம் சில வாரத்தில் செத்துப்போவதுதான் வழக்கம். இது சாகவில்லை. பிரிந்தது, மறுபடி பிரிந்தது, இன்றுவரை விடாமல் பிரிந்துகொண்டிருக்கிறது. எந்தப் புது மருந்து வந்தாலும் முதலில் இதன் மேல் ஊற்றித்தான் பார்ப்பார்கள். எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு பெயர் உண்டு; அது லேபில் யார் வாயிலும் நுழையவில்லை. நடுத்தர வயது ஆம்பிளையின் சதை, ஒரு மரியாதை வேண்டாமா என்று யாரோ 'மாமா' என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

மாமா இருப்பது உடம்புச் சூடு மாறாத ஒரு பெட்டிக்குள், தட்டையான பிளாஸ்டிக் குப்பிகளில். அவருக்குச் சாப்பாடு இளஞ்சிவப்பாக ஒரு திரவம். அவர் சாப்பிடச் சாப்பிட அது மஞ்சளாகும். மஞ்சளைக் கண்டால் லேப் அக்காவுக்குக் கை பரபரக்கும். "ஐயோ, மாமா பசியில இருக்கார்" என்று பழசைக் கொட்டிப் புதுசை ஊற்றுவாள். ஞாயிற்றுக்கிழமையும் வருவாள், மழையிலும் வருவாள். அவள் கல்யாணமாகி வந்தபோதே இந்த வேலைதான், மகளைப் பெற்றுவிட்டு விடுப்பில் இருந்தபோதுகூட போனில் கேட்ட முதல் கேள்வி, "மாமா எப்படி இருக்கார்?"

"அந்த மாமாவுக்குச் சூடா புதுச் சாப்பாடு. இந்த மாமாவுக்கு மட்டும் ஃப்ரிட்ஜ்ல இருக்கிறதை எடுத்துக்கோன்னு உத்தரவு," என்று அவள் புருஷன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி அங்கலாய்ப்பார். சும்மா விளையாட்டுக்குத்தான். ஆனால் விஷயம் முழுக்கப் பொய்யுமில்லை.

வினை பொன்விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் வந்தது. விழா மண்டபத்தில் மாமாவைப் பெரிய திரையில் காட்ட வேண்டும், ஐம்பது வருஷ ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல சாட்சி எது என்று இயக்குநர் ஆசைப்பட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். புதிதாக வந்திருந்த ஓர் இளம் டாக்டரம்மா மட்டும், "எடுத்தப்போ அவங்க வீட்ல கேட்டாங்களா?" என்றாள்.

அந்தக் காலத்தில் யார் யாரைக் கேட்டார்கள்? வெட்டி எடுத்ததைக் குப்பையில் போடுவதற்குப் பதிலாகக் குப்பியில் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தக் காலத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. குடும்பத்தைக் கண்டுபிடித்து, விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும் என்று முடிவானது. அவர்கள் மாட்டேன் என்றால் குப்பியில் இருப்பது, உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருப்பது எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். அழிப்பது பெரிய வித்தையில்லை. தரை கழுவுகிற பிளீச்சை ஊற்றினால் போதும். ஊற்றப் போவதும் லேப் அக்காதான்.

இறந்தவருக்கு ஒரே மகள், கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவள் என்று தெரியவந்தது. யார் பேசுவது? இயக்குநர் அறுவை சிகிச்சை நிபுணர். கத்தியை எடுக்க யோசிக்காதவர், இந்தப் போனை எடுக்க மட்டும் யோசித்தார். "நீங்களே பேசிடுங்கம்மா. உங்களுக்குத்தான் அவரை நல்லாப் பழக்கம்," என்று லேப் அக்காவின் தலையில் கட்டினார்.

லேப் அக்கா என்னென்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். போன் போட்டாள். எதிர்முனையில், "மெதுவா, மெதுவா, கிளட்ச்... யாரு?" என்றது ஒரு கணீர்க் குரல். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போனது. புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்றாள், உங்க அப்பா விஷயமாக என்றாள்.

"எங்க அப்பாவா? அப்பாவுக்கு என்ன?" என்றாள் அந்தப் பெண், யோசிக்காமலே.

இவளும் யோசிக்காமல், லேப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். "பயப்படாதீங்கம்மா. அப்பா நல்லா இருக்கார்."

பிரேக் போட்ட சத்தம் போனிலேயே கேட்டது. கூடவே வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பையனின் "அம்மா!"வும் கேட்டது.

"ஓரமா நிறுத்துப்பா," என்றாள் மகள். பிறகு போனில், ஒவ்வொரு சொல்லாக, "எங்க அப்பா செத்து இத்தனை வருஷம் ஆச்சு. நான் சின்னப் பிள்ளை. யாரு நீங்க? என்ன விளையாடறீங்களா?"

லேப் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பயன்? அதன்பின் குப்பி, கட்டி, சம்மதம் என்று முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினாள். கடைசியில் மகள், "விழா என்னிக்குன்னு சொன்னீங்க? வரேன். வந்து பாத்துட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

விழா அன்று மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், 'பழகுநர்' என்று முதுகில் எழுதியிருந்த காரில் அவள் வந்து இறங்கினாள். கட்டைக் கூந்தல், கையில் கார்ச் சாவி, நடையில் ஒரு விறுவிறுப்பு. மண்டபத்தில் மைக் 'ஹலோ, ஹலோ' என்று தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தது. இயக்குநர் புதுச் சட்டையில் ஓடிவந்து, முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறோம், மேடையில் கௌரவிக்கப் போகிறோம், உங்கள் குடும்பத்துக்கே பெருமை என்று அடுக்கினார்.

"அதெல்லாம் அப்புறம் சார். முதல்ல நான் பாக்கணும்," என்றாள் மகள்.

லேப் அக்கா அவளுக்கு வெள்ளைக் கோட்டும் கையுறையும் மாட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனாள். பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். கல்யாணத்துக்குப் பெண் காட்டுகிறவள் போல அவளுக்கு உள்ளூர ஒரு படபடப்பு. மாமா இன்று பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷம் வளர்த்தவள்.

மகள் குனிந்து பார்த்தாள். "கூழாங்கல்லு பரப்பின மாதிரி இருக்கு," என்றாள். "இது என்ன சிவப்பா?"

"அதுதான்மா சாப்பாடு."

"தினமும் போடுவீங்களா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். மஞ்சளாயிட்டா பசின்னு தெரிஞ்சுக்கலாம். பட்டினியே போட்டதில்ல," என்றாள் லேப் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

மகள் நிமிர்ந்தாள். முகம் மாறிப்போயிருந்தது.

"மேடம், இது எங்க அப்பா இல்ல. எங்க அப்பாவைக் கொன்னது. அவர் தொண்டைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு ஒரு வாய் தண்ணி இறங்க விடல. சாப்பாட்டுக்கு முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பார். நான் அவருக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு கதவுக்குப் பின்னாடி நின்னு முழுங்குவேன். கடைசியில எலும்புந்தோலுமா, பட்டினியில போனார். அவரைப் பட்டினி போட்டதுக்கு நீங்க நாள் தவறாம சோறு போட்டு வளக்கறீங்க."

மாமா, மாமா என்று கொஞ்சியது யாரை? அந்த மனுஷர் ஒரு பக்கம், அவரைத் தின்றது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாக்கி, தின்றதற்குப் போய் அவர் உறவைக் கொடுத்து வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இது தோன்றியதா? தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

குடும்பத்துக்குப் பெருமை என்று சொல்லுங்கள், மனிதகுலத்துக்குச் சேவை என்று சொல்லுங்கள் என்று இயக்குநர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதில் ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்து பிளீச் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு இது இத்தனை நாளா தோணவே இல்ல. நீங்க வேண்டாம்னு சொன்னா இன்னிக்கே ஊத்திடறேன். யாரும் உங்களை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஊத்தினா செத்துடுமா?"

"செத்துடும். ஒண்ணு மிஞ்சாது."

மகள் பாட்டிலின் மூடியைப் பிடித்துத் திருகினாள். வாடை குப்பென்று வந்தது. லேப் அக்கா தடுக்கவில்லை. மகள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே குப்பியை முறைத்துப் பார்த்தாள்.

"இதை எங்க அப்பாவுக்குள்ள ஊத்தியிருக்க முடியாதே," என்றாள். "மனுஷன் வயித்துக்குள்ள போனாலும் மனுஷன் சாகாம, இது மட்டும் சாகற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்போ இருந்ததா?"

"அப்போ இல்ல. இப்போ இருக்கு."

லேப் அக்கா பெட்டியின் அடித்தட்டிலிருந்து, அந்த மருந்து ஊற்றியிருந்த வேறொரு குப்பியை எடுத்து வைத்தாள். மகள் மறுபடி குனிந்தாள். இதில் கூழாங்கல் பரப்பெல்லாம் இல்லை. எல்லாம் பிடி விட்டுப்போய்ச் சுருங்கி, உடைந்து, துணுக்குத் துணுக்காக மிதந்தன. அவள் ரொம்ப நேரம் தலையை எடுக்கவே இல்லை. எடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. பழைய எதிரி மண்ணைக் கவ்வியதைப் பார்த்த திருப்திதான், வேறென்ன?

"நீங்க கண்டுபிடிச்சதா?"

"மருந்து எங்களுது இல்லம்மா. எங்கேயோ யாரோ செஞ்சது. இந்த மாதிரிக் கட்டிக்கு அது கேக்குமான்னு பாத்தது இங்கதான், இதுமேலதான். அதுக்கு முன்னாடி ஊத்தினது எல்லாம் வீண். இதைக் கொல்றதுக்கு இதுதான் வேணும், அதனாலதான் வளக்கறோம். இப்போ கீழ வார்டுல போடறாங்க. எல்லாருக்கும் கேக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். நிறைய பேருக்குக் கேக்குது."

மகள் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள். "அவங்க சாப்பிடறாங்களா?" என்றாள்.

"என்னம்மா?"

"அந்த மருந்து போட்டவங்க. வாயால சாப்பிடறாங்களா?"

"வாங்க," என்றாள் லேப் அக்கா.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். மண்டபத்தில் வரவேற்புரை தொடங்கியிருந்தது. யாரோ ஆஸ்பத்திரியைக் கட்டிய செங்கல்லிலிருந்து ஆரம்பித்திருந்தார். வார்டில் மத்தியானச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர், நடுத்தர வயது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, தலையில் முடி இல்லாமல், கிண்ணத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அந்த மருந்துதான், போன மாதம் வந்தபோது குழாய் வழியாகத்தான் ஆகாரம் என்று லேப் அக்கா மெல்லச் சொன்னாள்.

"உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல," என்று அவர் பக்கத்தில் நின்ற நர்ஸை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். "பொன்விழாவாம்! பெயிண்டுக்குச் செலவழிச்சதுல கொஞ்சம் சமையக்கட்டுக்குக் கொடுத்திருக்கலாம். மனுஷன் தின்பானா இதை?"

திட்டிக்கொண்டே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அடுத்த கரண்டி எடுத்தார். அதற்கும் ஒரு வசவு வைத்திருந்தார்.

மகள் கட்டில்காலைப் பிடித்தபடி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். லேப் அக்காவின் கையை எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை; அழுத்தின அழுத்தில் விரல் வலித்தது.

"இறங்குதுக்கா," என்றாள்.

"ஆமாம்மா."

"இறங்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா நீங்க? நான் திங்கறதைப் போய் வேடிக்கை பாக்கறீங்க?"

"சும்மாதான். நீங்க சாப்பிடுங்க," என்றாள் மகள். சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

ஒலிபெருக்கியில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைத்தார்கள். இயக்குநர் வியர்க்க விறுவிறுக்க வார்டு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் கையை நீட்டினாள்.

"சம்மதம்தான் சார். கையெழுத்து எங்க போடணுமோ, இங்கேயே கொண்டு வாங்க. இவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கறதா இல்ல."