பாடச் சொல்லிக் கேட்கவில்லை

எட்டாயிரம் என்ற சொல் காதில் விழுந்ததும், தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று ஆறுச்சாமி நினைத்தார். சூரியநெல்லியில் அன்று காலையிலிருந்தே மழை. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

“எத்தனைங்க?”

“எட்டாயிரம். கெட்டிட நிதிக்கு டொனேஷன்,” என்றார் மேனேஜர். “இந்தப் பாட்டு டீச்சர் வேலைக்கு வேறே ரெண்டு பேர் பத்து தர ரெடி. நிங்ஙள் தூரத்துல இருந்து வந்ததினாலே குறைச்சுச் சொல்றேன்.”

ஆறுச்சாமி பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கை மருதாத்தாளைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதாத்தாள் அவரைவிடப் பதினாலு வயது இளையவள். அப்பா போன பிறகு எலப்புள்ளியில் காடு கழனியையும் அவளையும் ஆறுச்சாமிதான் பார்த்துக்கொண்டார். பத்தாவது முடித்ததும் பாலக்காட்டுக்குப் போய்ச் சங்கீதக் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று அவள் நின்றபோது, ஆத்தா சம்மதிக்கவே இல்லை. ஆறுச்சாமி பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தார். பாட்டு டீச்சருக்கும் அரசாங்கச் சம்பளம்தான், மாதம் முன்னூறு என்றார்கள். அவர் அன்றே கணக்குப் போட்டுவிட்டார். ஃபீஸ், பஸ், துணிமணி, தம்புரா எல்லாம் சேர்த்து நாலு வருஷத்துக்கு நாலாயிரம். வேலை கிடைத்தால் பதினாலே மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். மறுவாரமே ஓர் எருமையை விற்றுத் தம்புரா வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சம்பளம் கொடுப்பது அரசாங்கம் என்றாலும், ஆளை நியமிக்கிறவர் பள்ளியின் மேனேஜர் என்பதும், அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

“சர்ட்டிபிகேட்டைப் பாக்கறீங்களா?” என்று உறையை நீட்டினார். “முதல் வகுப்புங்க.”

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்.” மேனேஜர் உறையைத் தொடவில்லை.

“அப்பப் பாடிக் காட்டச் சொல்லுங்க. கேட்டுப் பாருங்க.”

“எதுக்கு? காலையிலே பிரேயர், சாயங்காலம் தேசிய கீதம். அது யாரும் பாடுவாங்க. இந்த மாசம் கடைசிக்குள்ளே பணத்தோட வாங்க.”

இரண்டு நாள் பயணம். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறி, போடியில் ஒரு ராத்திரி தங்கி, போடிமெட்டு ஏறி வந்திருந்தார்கள். குரல் கட்டிவிடக் கூடாதென்று வழி முழுக்க மருதாத்தாள் வெந்நீர் தவிர எதையும் குடிக்கவில்லை. காலையில் விடுதி மாடியில் ஒரு மணி நேரம் மெல்லிய குரலில் சாதகம் செய்துவிட்டு வந்திருந்தாள். இங்கே அவளை ஒரு வரி பாடச் சொல்ல ஆளில்லை.

வெளியே வராந்தாவில் பியூன் சங்கையா இரண்டு டம்ளரில் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார்.

“மனசு விட்டுராதீக. போன வருசம் வந்த டிராயிங் மாஸ்டரு ஆறு குடுத்தாக. எல்லா எடத்துலயும் இதுதான,” என்றார் தணிந்த குரலில்.

ஆறுச்சாமி டம்ளரை எடுத்தார். குடிக்காமலேயே திரும்ப வைத்தார். நாலு வருஷமாக அவர் ஊரெல்லாம் சொல்லிவந்த கணக்கு ஒரே நிமிஷத்தில் மூன்று மடங்காகிவிட்டது. படிப்புக்கு நாலாயிரம், வேலைக்கு எட்டாயிரம்.

“அம்மிணி, மேட்டுக்காட்ட வித்துப்போடறேன்,” என்றார். “செங்கோட்டையன் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கான்.”

“வேண்டாமுங்கண்ணா.”

“அப்பப் படிச்சது என்னாகிறது?”

மருதாத்தாள் கைப்பையைத் திறந்து, பழுப்பு உறை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அரசு முத்திரை. ஆறுச்சாமி எழுத்துக் கூட்டிப் படித்தார். சித்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

“இது எப்ப வந்துது?”

“இருவது நாளாச்சுங்க. போன வருசமே பரீட்சை எழுதியிருந்தேன்.”

“இதுக்கு என்ன படிப்பு வேணும்?”

“பத்தாவது போதுமுங்க.”

ஆறுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பத்தாவது! அதை அவள் நாலு வருஷத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டாளே. எருமை, தம்புரா, தினமும் அவளை பஸ் ஏற்றிவிட விடிகாலையில் அவர் நடந்த நடை எல்லாம் எதற்கு?

“இத வெச்சுக்கிட்டா என்னைய இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே?” குரல் உயர்ந்துவிட்டது. சங்கையா திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எல்லார்த்துகிட்டயும் பாட்டு டீச்சருன்னு சொல்லீட்டீங்க. எனக்கும் ஆசைதானுங்க.” அவள் கண் கலங்கியிருந்தது. “இங்க ஒருக்காப் பாடச் சொல்லியிருந்தாங்கன்னா, இந்த ஆர்டரக் கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

அவர் உறையை அவளிடமே கொடுத்துவிட்டு எழுந்தார். பஸ் போடிமெட்டைத் தாண்டி இறங்கும்போதுதான் இன்னொன்று தோன்றி அவரைத் தூக்கிப் போட்டது. அந்த ஆள் கேட்கவில்லை, சரி. இந்த நாலு வருஷத்தில் அவள் பாட்டை நான் எப்போது கேட்டேன்? வீட்டில் அவள் பாடும்போதெல்லாம் அவர் தோட்டத்தில் இருந்தார். இல்லாவிட்டால் தூக்கத்தில் இருந்தார். போடியில் இறங்கியதும் அவளுக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றாம் தேதி அவளைச் சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். ஊரில், பாட்டுப் படித்த பெண்ணுக்கு ஆபீஸ் வேலையா என்று கேட்டவர்களுக்கு, ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

முதல் சம்பளத்தை மருதாத்தாள் ஆத்தா கையில் கொடுத்தாள். அதில் நாற்பது ரூபாய் குறைந்தது.

“ஞாயித்துக்கிழமை பாலக்காட்டுக்குப் பாட்டுக்குப் போறேனுங்க,” என்றாள். “பாட்டுச் சொல்லிக்குடுக்கற அம்மாவுக்கு மாசம் நாப்பது.”

ஆறுச்சாமி திகைத்து நின்றார். “இன்னுமா? அதான் படிச்சு முடிச்சாச்சே!”

“இல்லீங்கண்ணா, இன்னும் நெறைய இருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் தம்புராவின் உறையைக் கழற்ற ஆரம்பித்தாள். தோட்டத்துக்குக் கிளம்பியிருந்தவர், தோளில் இருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.