மூணாவது சிலிண்டர்

வெண்ணந்தூரில் யாருடைய வண்டி இருமினாலும் மதன் பக்கத்தில் போய் நின்று வைத்தியம் சொல்லிவிடுவான். யாரும் கேட்காமலே சொல்வான். அவனுடைய பதினேழு வருசத்துப் பிக்கப்புக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டபோதுதான் வாயடைத்துப் போனான்.

நின்ற இடத்திலேயே வண்டி கிடுகிடுவென ஆடியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். ஆட்டம் நிற்கவில்லை.

"ரோடு சரியில்ல," என்றான் மனைவி ஸ்ரீதேவியிடம்.

"வண்டி நிக்கறப்பவும் ரோடுதான் ஆட்டுதுங்களா?"

அன்று சேலை மூட்டைகளோடு இருவரும் நாமக்கல் புறப்பட்டார்கள். புதுச்சத்திரம் பக்கம் ஒரு மேட்டில், மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்திருந்த பெரியவர் ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்து, "தள்ளோணுமா சாமி?" என்றார்.

ஸ்ரீதேவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதன் வண்டியை மெக்கானிக் நர்மதாவின் பட்டறைக்குத் திருப்பினான். போன வருசம் இதே வாசலில் நகராமல் நின்ற ஒரு வேனைப் பார்த்து, "கியர்பாக்ஸ் போச்சு," என்று தீர்ப்புச் சொன்னவன் அவன். நர்மதா ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டதும் வேன் ஓடிவிட்டது.

"வாங்ணா. என்ன வியாதின்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்களே?"

"நீயே பாரும்மா," என்றான் மெதுவாக.

ஸ்ரீதேவி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டாள். நாலு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் குழாய்களில் முதலாவதின் நட்டை நர்மதா லேசாகத் தளர்த்தி, அதில் போகும் டீசலை வெளியே கசியவிட்டாள். எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறியது. இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தளர்த்தினாள். அதே தடுமாற்றம். மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை.

"பாத்தீங்களா? இவரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். மத்த மூணு பேரும் இவரையும் சேத்து இழுத்துட்டு ஓடறாங்க."

"எங்க ஊட்லயும் அப்படித்தாங்க," என்றாள் ஸ்ரீதேவி.

மதனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால், டீசலைப் பூவாகத் தெளிக்க வேண்டிய இன்ஜெக்டர் முனை கரியடைத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. புது முனை போட்டு மாட்ட மத்தியானமாகிவிட்டது.

"கடைசி நட்டை நான் இறுக்கட்டுமா?" என்றான் மதன்.

நர்மதா ஸ்பேனரைக் கொடுத்தாள். அவன் இறுக்கி முடித்ததும் வாங்கி, இன்னொரு தடவை இறுக்கினாள். "சும்மா, ஒரு திருப்திக்குங்ணா."

எஞ்சின் அலுங்காமல் ஓடியது. ஸ்ரீதேவி ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை.

"மூட்டையெல்லாம் இறுக்கிக் கட்டியிருக்குதுங்களா? வெரசாப் போகப்போறேன்."

மதன் மூட்டைக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டான்.