ஹனோயில் வாங்கிய குளிர்கோட்டு

டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. "ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்க," என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் இதை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் கிடையாது. வீட்டார் வாங்கி விழுங்கிவிட்டுச் சிரித்த முகமாக வெளியே வர வேண்டும். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

"என்னவாம்?" பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வயித்துப்புண்ணாம். சாராயத்தை விடச் சொன்னாரு. மாத்திரை குடுத்திருக்காரு."

"இதுக்கா நம்ம ஊரு தாய் பின்லேர்ந்து இடுப்பொடிய பஸ்ஸுல வந்தோம்?"

"பஸ்ஸு சாயங்காலந்தான். வாங்க, ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போவோம்."

"நீயா சொல்ற?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பார்த்ததில் தப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஹனோய் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பார். நம் வயலிலும்தான் தண்ணீர் நிற்கிறது, அதைப் பாருங்கள் என்று வாயை அடைத்துவிடுவேன்.

ஏரிக்குப் போனோம். சிவப்புப் பாலத்தைத் தாண்டினால் கோயில். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஏரியில் வாழ்ந்த பெரிய ஆமை. செத்துப் பல வருடம் ஆகியும் பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். அவர் நகரவே இல்லை.

"பாத்தியா துயெனம்மா, செத்தும் இவனுக்கு ராஜ வாழ்வு. தினம் எத்தனை பேரு வந்து பாக்கறாங்க."

எங்கள் ஒரே பையன் துயென். பத்தாவது படிக்கிறான். அவன் பிறந்ததிலிருந்து அவருக்கு நான் துயெனம்மாதான்.

"போதும் வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டு என் விரல்களுக்குள் அடங்கிவிட்டது.

பாலத்தருகே அவரை நிறுத்திப் போனில் படம் பிடித்தேன். "நேரா நில்லுங்க. பல்லைக் காட்டாதீங்க."

"ஏன், என் பல்லுக்கு என்ன கேடு?"

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. இறந்தவர்களுக்கு வீட்டுப் படையல் மாடத்தில் வைக்கிற படத்தில் யாரும் பல்லைக் காட்டுவதில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. போனை ஏரியில் விட்டெறியலாம் போலிருந்தது.

தோங் சுவான் சந்தைக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே குளிர்கால உடுப்புகள் வந்து தொங்கின. பஞ்சு வைத்த ஒரு நீலக் கோட்டை அவர் தடவித் தடவிப் பார்த்தார். போட்டுப் பார்க்கச் சொன்னேன். காலருக்குள் கழுத்து குச்சி மாதிரி நின்றது.

"ஒம்போது லட்சம் டாங்," என்றாள் கடைக்காரி.

அந்தச் சந்தையில் சொன்ன விலையை யாரும் கொடுப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து, நடையைக் கட்டுவது போல் நாலடி நடந்து, அவள் கூப்பிட்டதும் திரும்பி வர வேண்டும். எங்கள் ஊர் மீன்காரிகளே என்னைக் கண்டால் கூடையை மூடுவார்கள். நான் பேரம் பேசினால் அவருக்கு மானம் போகும். வழக்கம்போல, கோட்டோடு எதிரே பொத்தான் கடைப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

நான் வாயைத் திறந்தேன். மூன்று லட்சம் என்று ஆரம்பிக்கத்தான். இவருக்குக் குளிர்காலம் வர வேண்டும், வந்து அந்தக் கோட்டை அவர் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மனசில் வேறு எதுவும் ஓடவில்லை. அவள் கேட்ட காசை அப்படியே எடுத்து நீட்டினேன். கடைக்காரியே ஒரு நொடி திகைத்துப்போய், பிறகு சட்டென்று மடியில் செருகினாள்.

அவர் வந்தார். "அதுக்குள்ள முடிஞ்சுதா? சத்தமே காணோமே. எவ்வளவுக்கு அடிச்ச?"

"ஒம்போதுதான்."

"அவ சொன்ன விலையா?"

"முதல் வியாபாரம்ங்க. முதல் ஆளு பேரம் பேசினா அவளுக்கு நாள் பூரா ஓடாதில்ல. பாவம்னு விட்டுட்டேன்."

"நம்ம கண்ணு முன்னாலதான் ரெண்டு பேருக்கு வித்தா."

அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண மோதிரத்துக்கே கடைக்காரனை அழ வச்சவ நீ," என்றார் மெதுவாக. "வயித்துப்புண்ணு இல்ல, அப்படித்தானே? குளிர்காலம் வரைக்குமாச்சும் தாங்குவேன்னாரா டாக்டரு?"

"என்ன பேச்சு இது!" என்று அதட்டப் பார்த்தேன். குரல் பாதியில் உடைந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கோட்டைக் கழற்றினார். நான் கைகொடுக்கப் போனேன், விடவில்லை. தானே மடித்துக் கடைக்காரியிடம் கொடுத்தார்.

"தங்கச்சி, இதுலயே ஒரு சைஸ் பெருசு இருக்கா? எம் பையனுக்கு. அவனுக்குத் தோள் அகலம்."

"உங்களுக்குத்தாங்க வாங்கினேன். போட்டுக்குங்க," என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்மா இரு. காசு குடுத்தாச்சுல்ல? போடறவன் போடட்டும்."

கடைக்காரிக்கு எங்கள் கதை என்ன தெரியும்? "இருக்குண்ணே!" என்று கொம்பால் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள். "நல்ல சரக்கு. பத்து வருஷம் உழைக்கும்."

அவர் அதன் கை நீளத்தைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார்.

"பத்து வருஷமா? அப்போ இன்னும் ஒரு சைஸ் பெருசாவே குடு. அவன் வளருவான்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போகிறவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, நான் எழுந்திருக்கிற வரை பக்கத்தில் நின்றார்.