திருச்சுழி லைனில் நெரிசல்

அருப்புக்கோட்டையில் ஒரு பார்சல் லாரி கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்துக்கொண்டே ஜெப ஷீலா தபால் வழியில் எம்.சி.ஏ. படித்தாள். தொண்ணூற்றைந்தாம் வருஷம் அது. மற்ற பாடங்களைப் பாஸானால் போதும் என்று படித்தவள், ஊர்விட்டு ஊர் கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலையமைப்பை எப்படித் திட்டமிடுவது என்ற பாடம் வந்ததும் ஆளே மாறிப்போனாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி படித்தாள். சோறு பொங்கும்போது படித்து, இரண்டு தரம் அடிப்பிடிக்க விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கம்பெனி முதலாளியான தனுஷ்கோடி என்பவர் அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி, பந்தல்குடி, மதுரை, தூத்துக்குடி என்று ஆறு ஊர் ஆபீஸையும் டெலிபோன் இலாகா லைன் வாங்கி இணைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். எந்த ஊரை எந்த ஊரோடு இணைப்பது என்று கணக்குப் போடும் வேலை ஷீலாவுக்கும் சத்யபிரியாவுக்கும் வந்தது. சத்யபிரியா பரளச்சிக்காரி, மிளகாய் பயிரிடும் சம்சாரி வீட்டுப் பெண். ஷீலாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். எதையும் எதிர்க்கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

முதலில் ஷீலாவைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது ஒரு சின்ன விதி. இருப்பதிலேயே நீளம் குறைந்த இணைப்பை எடு. பிறகு அடுத்த குறைந்ததை எடு. வட்டமாக மூடிக்கொள்கிற இணைப்பை மட்டும் விட்டுவிடு. அவ்வளவுதான், இதைவிடக் குறைந்த கம்பியில் எல்லா ஊரையும் இணைக்கவே முடியாது. சத்யபிரியா ஒரு மத்தியானம் முழுக்க வேறு வழி தேடிப் பார்த்துத் தோற்றாள். அந்த விதிப்படி பரளச்சி திருச்சுழியோடும், திருச்சுழி அருப்புக்கோட்டையோடும் சேர்ந்தன. தூத்துக்குடி பந்தல்குடி வழியாக அருப்புக்கோட்டைக்கு வந்தது. மதுரை நேராக வந்தது.

அடுத்து வந்தது வரிசைக் கணக்கு. ஒரு லைன் நொடிக்குப் பத்துச் செய்தி அனுப்பும் என்றால், ஐந்து வரும்போது காத்திருப்பு பெரிதாகத் தெரியாது. ஒன்பது வந்தால், காலியாக இருக்கும்போது ஆவதைப் போலப் பத்து மடங்கு நேரம் ஆகிவிடும். லைன் நிறைய நிறையத் தாமதம் மெல்ல ஏறாமல் செங்குத்தாகப் பாய்கிறது. அந்தக் கோட்டை வரைந்து பார்த்தபோது ஷீலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பார்சல் பதிவு ஒவ்வொன்றும் ஒரு செய்தி என்று வைத்து, ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு நாளைக்கு எத்தனை பதிவாகிறது என்று வாங்கிக் கணக்குப் போட்டாள். திருச்சுழி லைன் பாதிகூட நிரம்பவில்லை. எந்த ஊரில் பதிவு செய்தாலும் அருப்புக்கோட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து பதில் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்று முதலாளியிடம் சொன்னாள். லைன் போட்டார்கள்.

காலையெல்லாம் அவள் சொன்னபடியே ஓடியது. சாயங்காலம் திருச்சுழி கிளார்க் இருளப்பசாமி போன் பண்ணினார். பார்சலைப் பதியப் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை அப்படியே நிற்கிறது என்றார். மறுநாளும் அதேதான். பரளச்சியிலிருந்தும் அதே புகார். சத்யபிரியா கணக்கை முதலிலிருந்து சரிபார்த்தாள். ஒரு தப்பும் இல்லை.

கணக்குச் சரியாக இருந்து லைன் மட்டும் ஏன் திணறுகிறது என்பது ஷீலாவுக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போய் இருளப்பசாமி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ஈ ஓட்டினார்கள். நாலு மணிக்கு மேல் மிளகாய், மல்லி மூட்டையோடு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இருளப்பசாமியும் கூட இருந்தவர்களும் ஒரே நேரத்தில் தட்ட ஆரம்பித்தார்கள். திரை நின்றது.

“அண்ணே, தினமும் இந்நேரந்தான் வருமா?” என்று கேட்டாள்.

“சந்தைச் சரக்கு வேற எப்பம்மா வரும்? பரளச்சிலயும் இதே நேரந்தான்.”

ஷீலா எழுந்துவிட்டாள். புத்தகத்தின் சூத்திரம் ஒரு நிபந்தனையோடு தொடங்கியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: செய்திகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், நாள் பூராவும் ஒரே வேகத்தில் வர வேண்டும். அந்த வரியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தாளே தவிர, அதன் அர்த்தத்தை இன்றுதான் கண்ணால் பார்த்தாள். இங்கே செய்திகள் மந்தையாக வருகின்றன. நாள் முழுவதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் லைன் பாதி காலி. அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்தால் பிதுங்கி வழிகிறது. அதிலும் பரளச்சியின் கூட்டமும் திருச்சுழி வழியாகவே வந்து சேர்கிறது.

தோற்றுப்போன வருத்தம் வர வேண்டியதுதான். அவளுக்கோ சந்தோஷத்தில் இருப்புக் கொள்ளவில்லை. திரும்பும் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“சூத்திரம் தப்பில்லடி, நாமதான் அதுகிட்டத் தப்பாக் கேட்டுட்டோம்” என்று சத்யபிரியாவிடம் சொன்னாள்.

இருவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை ஒரு நாளை மணிமணியாகப் பிரித்தார்கள். பந்தல்குடிக்குத் தூத்துக்குடி லாரிகள் காலையிலேயே வந்துவிடுகின்றன. சாயங்காலம் அந்த லைன் சும்மா கிடக்கிறது. இதைக் கண்டுபிடித்தது சத்யபிரியா. பரளச்சியிலிருந்து பந்தல்குடிக்கு ஒரு லைன் போட்டால் பரளச்சிக் கூட்டம் அந்தப் பக்கமாகப் போய்விடும். முதல் விதி வேண்டாம் என்று தள்ளிய அதே வட்டம் மூடிக்கொள்ளும். கம்பி கூடுதல்தான். ஆனால் அந்த வட்டத்தில் ஒரு லைன் அறுந்தாலும் அதிலுள்ள எந்த ஊரும் தனித்து நிற்காது.

தனுஷ்கோடி முகம் சுளித்தார். முதலில் சொன்ன கணக்கு தப்பு என்றால் இதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். ஷீலா மழுப்பவில்லை. முன்பு ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டோம், இப்போது எந்த மணிக்கு எத்தனை என்று கேட்டிருக்கிறோம் என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார்.

புது லைன் வந்த அன்றைக்குச் சத்யபிரியா பரளச்சி ஆபீஸுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

“தட்டப் போறேன்” என்றாள். ஷீலா அருப்புக்கோட்டையில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “ம்... வந்துருச்சு. அடுத்ததும் வந்துருச்சுடி. எல்லாரும் தட்டுறாக, வந்துக்கிட்டே இருக்கு.”

திருச்சுழிக்குப் போன் போட்டால் இருளப்பசாமி எடுக்கவே இல்லை. அவருக்கு வேலை அவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஷீலா போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை இழுத்தாள். நெரிசலைப் பார்த்துச் செய்திகள் தாங்களாகவே வழி மாறிக்கொள்வது பற்றி அடுத்த அத்தியாயம் இருந்தது. ஆபீஸ் பூட்டும் நேரம் ஆகியும் அவள் எழுந்திருக்கவில்லை.