ஏரோதின் பின்குரல்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஏரோது ராஜா என்றால் யேசுரத்தினம்தான். நத்தார்ப் பண்டிகைக்குக் கோயிலில் நடக்கிற இயேசு பிறப்பு நாடகத்தில் அவன் போடுகிற அதட்டலுக்கு முன்வரிசைப் பிள்ளைகள் அழுதுவிடும். அந்த ராஜாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ஒரு வசனமும் மனதில் நிற்காது என்பது திரைக்குப் பின்னால் வசனக் கொப்பியோடு உட்கார்ந்திருக்கும் அவன் பெண்சாதி இருதயம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். அவள் மெல்லச் சொல்வாள். அவன் மலை அதிரச் சொல்வான். பதினொரு வருஷம் இப்படியே வண்டி ஓடியது.

அறுபத்தெட்டாம் வருஷம் கொழும்பிலிருந்து படம் பிடிக்க வந்தார்கள். அவனுக்குக் கங்காணி வேஷம், நாலு வசனம். அங்கே ஒளிந்து சொல்லத் திரை ஏது என்று இருதயம்மா யோசித்தாள். ஆனாலும் ஆசை யாரை விட்டது? பதுளை சினிமாக் கொட்டகையில் அவன் பேச, லயத்துச் சனமே போய்க் கேட்க வேண்டும். அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே தேயிலைச் செடிக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

கெமரா ஓடியது. அவள் சொன்னாள், அவன் சொன்னான். ஒரு சொல் தப்பவில்லை.

காதில் கருவி மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரர் புவாத் மட்டும் முகத்தைச் சுளித்தார். டேப்பைத் திருப்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஓடவிட்டார். முதலில் ஒரு பெண்பிள்ளையின் முணுமுணுப்பு. பின்னாலேயே கங்காணியின் கர்ஜனை. நாலு வசனமும் அப்படியே, ஜோடி ஜோடியாக. கூடி நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யேசுரத்தினம் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க ரோட்டுக்குப் போங்க," என்றார் புவாத். குரலில் கோபம்கூட இல்லை. அவள் போனாள். மெஷினை நொந்து என்ன பிரயோசனம்? கேட்டதைத்தானே அது சொன்னது. மறுபடி கெமரா ஓடியபோது யேசுரத்தினம் வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. அவன் வேஷத்தை லொறி டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சினிமா போனால் போகட்டும், கோயில் மேடை இருக்கிறதே என்று இருதயம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நத்தாருக்கு ஏரோது சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். அவள் முதல் வசனத்தைச் சொன்னாள். அவன் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மறுபடி சொன்னாள். அவன் கிரீடத்தோடு எழுந்து திரைக்குப் பின்னால் வந்துவிட்டான்.

"என்னங்க, கேக்கலயா?"

"கேக்குது இருதயம். எல்லாருக்கும் கேக்குது."

"ஒருத்தருக்கும் கேக்காதுங்க. சத்தியமா!"

"இம்புட்டு நாளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க."

வெளியே சனம் கைதட்டி ராஜாவைக் கூப்பிட்டது. அவனுக்குத் தெம்பு வருகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் தவித்தாள். ஆனால் வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.