ஐஸ் பெட்டிக் கடைப் பாட்டு

எங்கள் 'மூட்டம்' ராக் குழுவின் சோகத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். காதல் தோல்வி என்பார்கள், தத்துவம் என்பார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். டிரம்ஸ் வாசிக்கும் தென்னரசுவின் அப்பா திண்டிவனத்தில் பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறார். அந்தக் கடையின் பின்னறையில்தான் ஆறு வருஷம் பயிற்சி எடுத்தோம். முன்னால் ஒருவர் கண்கலங்கி நிற்க, பின்னால் குத்துப்பாட்டு வாசிக்க முடியுமா?

ஒரே ஒருமுறை வாசித்தோம். முதல் வருஷம், ஒரு மதியம். நான் எழுதிய முதல் பாட்டு, நல்ல துள்ளல். பாதியில் நிமிர்ந்தால் கதவோரம் பூக்கார ஜெயம் அக்கா நிற்கிறார். இறந்துபோன புருஷனுக்குப் பெட்டி கேட்டு வந்திருக்கிறார். கிதாரை அப்படியே கீழே வைத்தேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அழுமூஞ்சிப் பாட்டுதான். அதற்கும் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

போன வருஷம் விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் ஒரு மில்லுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மில் போடும் இரைச்சலில் முணுமுணுத்தால் எங்களுக்கே கேட்காது. சத்தம் கூடியது, வேகம் கூடியது, மனசும் லேசானது. புது ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. ஒன்றில்கூட யாரும் அழவில்லை. கடைசியில், அன்று பாதியில் நின்ற அந்தப் பழைய பாட்டையும் முழுசாகச் சேர்த்தேன்.

வெளியீடு திண்டிவனத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையிலிருந்து பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஜெயம் அக்கா. சட்டென்று டிரம்ஸ் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பழைய பாட்டு வேணாம்டா. அக்கா வந்துருக்காங்க," என்றேன் தென்னரசுவிடம்.

"பேஜாரு பண்ணாத வெண்ணிலா. ஜனங்க காத்துக்கினு இருக்காங்க," என்று அவன் குச்சியைத் தட்டிவிட்டான்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். முடிந்ததும் அக்கா நேராக மேடையருகே வந்தார். திட்டு வாங்கத் தயாராகக் குனிந்தேன்.

"அன்னிக்கு என்னப் பாத்ததும் நிறுத்திட்டியே, அந்தப் பாட்டு தான இது?"

"ஆமாங்க்கா. மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? அன்னிக்குப் பூரா அதான் காதுல ஓடிக்கினு இருந்துச்சு. அவரு எப்பவும் ஆடிக்கினு பாடிக்கினு இருந்த ஆளு. மீதிய எப்பப் பாடுவீங்கன்னுதான் தெனமும் பூக்கூடைய எடுத்துக்கினு அந்தக் கடை வழியாவே போனேன். ஆறு வருஷம். நீங்க என்னடான்னா அழுதுக்கினே இருந்தீங்க."