நாகையா வெட்டிய நிரை

விடியுமுன்னே மரவள்ளிக் காட்டில் இறங்கியிருந்தோம். சாய்த்த ரப்பர் மரங்களின் வேர், மண்வெட்டியை எகிற வைத்தது. தோள் வரை அதிர்ந்தது. ஆளுக்கு ஒரு நிரை கணக்கு. பக்கத்து நிரையில் நாகையா மூச்சிரைக்க வெட்டிக்கொண்டிருந்தான்.

மலாயாவில் கிள்ளானை ஒட்டிய எங்கள் தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் ஒன்றரை வருஷம். கணக்கெழுத ஜப்பான்காரன் வைத்துக்கொண்ட கிராணி சபாபதி ஐயாதான் எங்களுக்கு எல்லாம். கெட்டவரில்லை. காய்ச்சலுக்குக் கொய்னா தேடிக் கொடுப்பார். பிற்பகலில் பழைய ரப்பர் பால் ஸ்டோரில் எங்களில் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"படிச்சாத்தான்டா கூலிங்கிற பேரு ஒழியும். நான் ஒங்களுக்குத் தகப்பன் மாதிரி" என்பார்.

நாற்பது வயதில் 'வேலாயுதம்' என்று என் பேரை நானே எழுதினேன்.

வெயில் ஏறும்போது லோரி வந்து நின்றது. ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் வேண்டுமாம். முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

ஐயா ஒரு தாளை விரித்தார். "எழுதத் தெரிஞ்ச பத்துப் பேர விட்டுர்றேன்னு ஆபிசர் சொல்லிட்டான். கெஞ்சி வாங்குனேன்டா. அவன் வர்றதுக்குள்ள கையெழுத்துப் போடுங்க. மத்த ஆம்பளைங்க லோரியில ஏறுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

நாகையா லோரிப் பக்கம் நகர்ந்தான். ஏழு மாசக் கர்ப்பிணியான அவன் பெண்சாதி இராஜம்மா அவன் சட்டையை விடவில்லை.

"நாகையா ஏன் படிக்க வரலன்னு தெரியுங்களா ஐயா?" என்றேன்.

"கூப்பிட்டேன், வரல. நான் என்னப்பா செய்ய?"

"நான் எழுதிக்கிட்டிருந்தப்போ என் நெரையையும் அவன்தான் வெட்டுனான். எங்க பத்துப் பேருக்கும் அப்படி ஒருத்தன் வெட்டுனான்."

ஐயா மைக்கூட்டோடு பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தேன்.

"கிறுக்கா ஒனக்கு?" நாகையாவின் குரல் உடைந்தது. "ஒரு வருஷம் ரெண்டு நெரை வெட்டுனேன்லா. அத்தனையும் வீணா?"

என்னோடு படித்த தம்புசாமி வந்து விரலைத் தோய்த்தார். அப்புறம் விஜயன். பத்துப் பேரும் வைத்துவிட்டு லோரிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தோம். இராஜம்மா வயிற்றைத் தாங்கியபடி வந்து அமர்ந்தாள். பின்னால் மற்றவர்களும். நாகையா என்னைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் இடம் பிடித்தான்.

"அடிச்சே ஏத்துவான்டா, எல்லாரையும்" என்றார் ஐயா.

"தெரியுங்க ஐயா."

அவர் தாளோடு குனிந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இதுல ஒன் ரேகை எது? அதை அடிச்சுட்டுப் பேர எழுது."

பார்த்தேன். பத்தும் ஒரே கறுப்பு.

"தெரியலைங்க ஐயா."

செம்மண் பாதையில் ஆபிசரின் கார் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.